இரண்டு பைக்கு ஒரு நெருப்புப்பெட்டி

1987 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். போனவர்கள் இரண்டு பேர், வந்தவர்கள் இரண்டு பேர். பை இரண்டு, துவக்கு இரண்டு. மான் பூச்சியம். இந்தக் கணக்கில் முதல் வரி சரியாக வந்ததே எனக்குப் போதும். நேற்று விடியும்வரை அது சரியாக வருமா என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.

மகனே, உனக்கு இப்போது இரண்டரை வயது. இந்தக் கடிதத்தை இன்றைக்கு உன்னால் வாசிக்க முடியாது. படிக்கவோ வேலைக்கோ நீ இந்த வீட்டை விட்டு உன்பாட்டில் புறப்படுகிற நாளில் என்னுடைய அலுமினியச் சட்டம் போட்ட முதுகுப் பையை உனக்குத் தருவேன். அதன் மேல்மூடிக்குள் இது இருக்கும். அந்தக் காலத்தில் நான் பொறுமையாக உட்கார்ந்து புத்தி சொல்கிற ஆளாக மாறியிருக்கலாம். அப்படி நடக்கும் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆகவே முப்பத்தொரு வயதில் தெரிந்ததை, மறந்துபோவதற்கு முதலே எழுதி வைக்கிறேன். சின்னவனான உன்னோடு அல்ல, வளர்ந்த உன்னோடு பேசுகிறேன்.

முதலில் ஆட்கள். நான் இந்தப் பனிநாட்டில், மார்க்கம் என்கிற ஊரில், ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்களுக்கு வரைபடம் போடுகிறவன். கொழும்பில் பொறியியல் படித்துவிட்டு எண்பத்து மூன்றின் கடைசியில் இங்கே வந்தேன். சிவா உன் அம்மாவின் தம்பி, உனக்கு இருக்கும் ஒரே மாமா. இருபத்தைந்து வயது. டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி இப்போது அங்கேயே சமைக்கிறான். வன்னியில் பெரியப்பாவின் பிள்ளைகளோடு பன்றிக்கும் மரைக்கும் போனவன். இங்கேயும் வேட்டைக்குப் போவோம் என்று முதலில் கேட்டவன் அவன்தான். புத்தகம் வாங்கி, அனுமதிப் பரீட்சை எழுதி, அவனையும் எழுத வைத்து, எல்லாவற்றையும் முறைப்படி செய்தவன் நான். முறைப்படி என்ற சொல்லை நீ கவனமாகப் பாவி. நான் பாவித்த விதத்தைத்தான் கீழே சொல்லப்போகிறேன்.

பை வாங்கப் போனால் கடைக்காரன் உன் உயரத்தைக் கேட்பான். சொல்லாதே. போன வருஷம் நான் ஐந்தடி பத்து என்று சொல்லி, அதற்கேற்ற பெரிய சட்டத்தை வாங்கி வந்தேன். எனக்குக் கால்தான் நீளம், முதுகு கட்டை. சட்டம் பிடரியில் இடித்தது, இடுப்புப் பட்டி தொடையில் வந்து நின்றது. அளக்க வேண்டியது முதுகை. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு தள்ளும், அதிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்புவரை. அந்த அளவுக்குப் பொருந்துகிற சட்டத்தை எடு, கடையிலேயே முப்பது இறாத்தல் பாரத்தை உள்ளே வைத்துக் கால்மணித்தியாலம் நட. கடைக்காரன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பாரத்தை இடுப்புத்தான் சுமக்கவேண்டும், தோள்வார் பையைப் பின்னுக்குச் சாயாமல் பிடிக்க மட்டுமே. வேட்டைக்கு என்றால் சட்டம் வெளியே இருக்கிற பைதான் நல்லது. மான் விழுந்தால் பையைக் கழற்றிவிட்டு வெறும் சட்டத்தில் இறைச்சியைக் கட்டிச் சுமக்கலாம். துணியை நகத்தால் கீறிப் பார். கடைக்குள்ளேயே சர் என்று கேட்டால் காட்டில் கிளை உரசும்போது ஊருக்கே கேட்கும்.

அடுக்குவதில் நான் செய்த பிழை இன்னும் பெரியது. முதல் பயணத்தில் கனமான சாமானை எல்லாம் பையின் அடியில், வெளிப்பக்கமாக வைத்து, சைக்கிள் ரியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டினேன். அரிசி மூட்டையைச் சைக்கிள் கரியரில் எப்படிக் கட்டுவோமோ அப்படி. பாரம் தாழ்வாக இருந்தால் உறுதி என்று பல்கலைக்கழகத்திலும் சொல்லித் தந்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து என்னைக் கெடுத்தன. அரை மைல் போவதற்குள் கூனிக்கொண்டு நடந்தேன். சிவா பின்னால் வந்தபடி பார்த்துவிட்டு, "அத்தான், உது முதுகு. கரியர் இல்லை" என்றான். கனமானது முதுகோடு ஒட்டி, தோள்பட்டை எலும்பு மட்டத்தில் இருக்கவேண்டும். பாதை இல்லாத மேடுபள்ளத்தில் அதிலிருந்து ஒரு சாண் கீழே. ஸ்லீப்பிங் பாக் அடியில். நாள் முழுக்கத் தேவைப்படுவது பக்கப் பொக்கற்றுகளில். இதை அவன் சொல்லித்தான் நான் திருத்தினேன், ஆனால் நானாகவே கண்டுபிடித்ததுபோல வேலையிடத்தில் ஆட்களுக்கு விளக்கினேன். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை பின்னேரம் இரண்டு பேருடைய சாமானையும் இந்த அப்பார்ட்மெண்ட் தரையில் பரப்பி, மீன்காரர் பாவிக்கிற வில்தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். ஆளுக்கு முப்பத்தெட்டு இறாத்தல். அதை முப்பத்தொன்றுக்குக் கொண்டுவருவேன் என்று சிவாவிடம் சவால் விட்டேன். வழி எளிது. ஒரே சாமான் இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்துவிடுவது. இரண்டு பேரும் ஒன்றாகத்தானே போகிறோம், எதற்கு இரண்டு நெருப்புப்பெட்டி? எதற்கு இரண்டு திசைகாட்டி? நெருப்புப்பெட்டி, திசைகாட்டி, வரைபடம், சாப்பாடு என் பையில். தறப்பாள், கோடரி, சட்டி, கயிறு அவன் பையில். காகிதத்தில் அது அழகாக இருந்தது. இரு பக்கமும் முப்பத்தொன்று, அரை அவுன்ஸ் வித்தியாசம் இல்லை. சிவா சிகரெட் பிடிக்கிறவனாக இருந்திருந்தால் பொக்கற்றில் ஒரு லைட்டராவது கிடந்திருக்கும். அந்தப் பழக்கத்தையும் போன கோடையில் நான்தான் பிரசங்கம் செய்து நிறுத்தியிருந்தேன்.

அப்போது உன் அம்மா சுவாமிப்படத் தட்டடியிலிருந்து இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பொட்டலங்களோடு வந்து, ஆளுக்கொன்று பையின் இடப்பக்கப் பொக்கற்றில் வைத்தா. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி கற்பூரம், ஒரு காகிதச் சரையில் திருநீறு, ஒரு சின்ன நெருப்புப்பெட்டி, சுற்றி றப்பர் வளையம்.

"காட்டுக்குள்ள ஆருக்குத் தீபம் காட்டுறது?" என்றேன்.

"உங்களை ஆர் காட்டச் சொன்னது? கிடக்கட்டும் எண்டுதானே வைச்சனான்."

"இது எத்தினை அவுன்ஸ் தெரியுமோ உமக்கு?"

"உங்கட வாயைவிடப் பாரம் குறைவு."

சிவா சிரித்தான். உன் அம்மா சிரிக்கவில்லை. "இன்னொண்டு. வெள்ளிக்கிழமை ஒண்டையும் சுடாதேங்கோ. சனிக்கிழமை எத்தினையெண்டாலும் சுடுங்கோ. தம்பி, உனக்கும்தான் சொல்லுறன்."

"ஓம் அக்கா," என்றான் அவன். நானும் தராசைப் பார்த்தபடி ஓம் என்றேன். அவ உன்னைக் குளிக்கவார்க்கப் போனதும் இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக் குசினியில் கரண்டி வைக்கிற லாச்சிக்குள் போட்டேன்.

வியாழக்கிழமை வடக்கே நாலு மணித்தியாலம் கார் ஓடி, தார் முடிந்து சரளைப் பாதையும் முடிகிற இடத்தில் காரை விட்டு, ஆறு மைல் உள்ளே நடந்தோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டரை மணிபோல, தங்கும் இடத்தை மாற்றுவதற்காகப் பையும் கையுமாகப் போய்க்கொண்டிருந்தபோது, சதுப்புக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கலைமான் வந்து நின்றது. அறுபது யார் தூரம் இருக்கும். சிவா எனக்கு முன்னால். எனக்கும் மானுக்கும் இடையில் அவனுடைய முதுகும் பற்றையும். அவன் முழங்கால் போட்டுத் துவக்கைத் தூக்கினான். மான் பக்கவாட்டாக, யாரோ பிடித்து நிறுத்திவைத்ததுபோல நின்றது. பிறகு அவன் துவக்கைத் தாழ்த்தினான். மான் தன் பாட்டில் நடந்து மரங்களுக்குள் போய்விட்டது.

"ஏன்ரா சுடேல்லை?"

"இண்டைக்கு வெள்ளி, அத்தான்."

"என்ன?"

"அக்காட்டச் சொன்னனாங்கள் தானே. நீங்களும் ஓம் எண்டனீங்கள்."

"ரெண்டு நாள் லீவு எடுத்து இவ்வளவு தூரம் வந்தது உனக்கு விரதம் பிடிக்கவோ?"

"நாளைக்கும் மான் வரும், அத்தான். உது எங்க போகப்போகுது."

"கோப்பை கழுவுறவனுக்கு இண்டைக்கும் நாளைக்கும் ஒண்டுதான். எனக்கு அப்பிடியில்லை."

மகனே, அந்த வசனத்தை நான் சொன்னேன். சொன்னபடியே எழுதியிருக்கிறேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை. சிவா குனிந்து பையின் வாரைச் சரிசெய்யத் தொடங்கினான். நான் காத்திருக்கவில்லை. பின்னால் வா என்றுகூடச் சொல்லாமல் விறுவிறுவென்று நடந்தேன். கோபத்தில் நடக்கிறவனுக்குப் பாரம் தெரியாது, நேரமும் தெரியாது. பனி கொட்டத் தொடங்கியதையே நான் தொப்பி நனைந்த பிறகுதான் கவனித்தேன். திரும்பிப் பார்த்தபோது நாற்பது நிமிடம் போயிருந்தது. பின்னால் யாரும் இல்லை.

திரும்பி ஓடினேன். என் காலடித் தடமே எனக்குத் தெரியவில்லை, பனி எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன். துவக்கை மேலே பிடித்து மூன்று வெடி வைத்தேன், நின்று காதுகொடுத்தேன், காற்று மட்டும் கேட்டது. ஐந்து மணிக்கு இருட்டிவிட்டது. ஓர் ஊசியிலை மரத்தின் கீழ் உட்கார்ந்து நெருப்பு மூட்டினேன். ஒரு குச்சியில் பற்றியது. அப்போதுதான் புதன்கிழமைக் கணக்கு முழுவதும் எனக்கு விளங்கியது. என்னிடம் இரண்டு பேருக்கும் போதுமான சாப்பாடு, நெருப்பு, திசைகாட்டி, வரைபடம். அவனிடம் ஒரு தறப்பாள், கோடரி, வெறும் சட்டி. இருட்டியபிறகு குளிர் உறைநிலைக்கு நன்றாகக் கீழே போனது. அவனுடைய கையுறை முதல் நாளே நனைந்திருந்தது. நான் நிறுத்து எடுத்துப்போட்ட ஏழு இறாத்தலில் ஒரு அவுன்ஸ் அவனிடம் இருந்திருந்தால் போதும்.

அந்த இரவைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். உன் அம்மாவிடம் என்ன சொல்வது என்று வசனம் வசனமாக அமைத்துப் பார்த்தேன். வழிமாறிவிட்டோம், பனி வந்துவிட்டது, அவன் பின்னுக்கு நின்றுவிட்டான். எல்லாம் உண்மை, ஒன்றும் உண்மை இல்லை. நீ கேட்டால் என்ன சொல்வது என்றும் யோசித்தேன். உனக்கு ஒரு மாமா இருந்தான், அவனை நான் முப்பத்தொரு இறாத்தலுக்குள் அடக்கினேன் என்று சொல்லவேண்டி வந்திருக்கும்.

விடிந்தும் விடியாததுமாகப் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மேட்டில் ஏறினேன். உச்சியில் மூச்சு வாங்க நின்றபோது கற்பூர மணம் வந்தது. எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆறு மைலுக்குள் மனிதர் இல்லாத காட்டில் கோயில் மணக்கிறது. பிறகு மேட்டுக்கு அந்தப் பக்கத்தில், கீழே, மெல்லிய புகை தெரிந்தது. எங்களுக்கு இடையில் இரவு முழுவதும் இருந்தது அந்த ஒரு மேடு. சறுக்கி, விழுந்து, இறங்கிப் போனேன்.

"ஆரது?"

"நான்தான்ரா."

"நல்ல காலம் குரல் குடுத்தியள். மானெண்டு வெடி வைக்கப் பாத்தன். இண்டைக்குச் சனி தானே."

பையின் சட்டத்தை நிலத்தில் ஊன்றி நிறுத்தி, அதில் தறப்பாளைக் கட்டிக் காற்று வராமல் ஒரு மறைப்புச் செய்திருந்தான். நெருப்பு நன்றாக எரிந்தது. சட்டியில் பனியை உருக்கிக் கொதிக்கவைத்திருந்தான். நெற்றியில் திருநீறு. இரண்டு விரல் நுனி வெளிறியிருந்தது, மற்றப்படி முழு ஆள்.

"தேத்தண்ணி இல்லை, அத்தான். சாமான் எல்லாம் உங்கட பையில. சுடுதண்ணி இருக்கு, குடியுங்கோ."

நான் பனிக்குள் உட்கார்ந்துவிட்டேன். அவன் நீட்டிய சட்டியை வாங்கினேன். பாதியைக் குடித்துவிட்டுத்தான் கேட்டேன்: "நெருப்பு எப்பிடியடா?"

பையின் இடப்பக்கப் பொக்கற்றை விரலால் தட்டினான். "நீங்கள் லாச்சிக்குள்ள போட்டதைப் பிறகு நான் எடுத்தனான். விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. சுள்ளிக்குக் கீழ நாலு கட்டி வைச்சு ஒரு குச்சிதான் தட்டினன். பத்திக்கொண்டுது."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நிறுப்பியள்."

"என்ர பொட்டலம்?"

"அதையும் உங்கட பைக்குள்ள வைப்பம் எண்டு பாத்தன். பாவம், கணக்குப் பிழைச்சுப்போம் எண்டு விட்டிட்டன்."

நான் வைத்த வெடி அவனுக்குக் கேட்கவில்லை. அவன் வைத்த மூன்று வெடியும் எனக்குக் கேட்கவில்லை. காற்று அப்போது மற்றப் பக்கம். விடிந்ததும் காற்று திரும்பியிருந்தது. கடைசிக் கட்டிக் கற்பூரத்தை அவன் ஒரு கல்லில் வைத்துச் சும்மா கொளுத்தினானாம், அக்கா தந்துவிட்டது வீணாகக்கூடாது என்று. அந்த மணம்தான் எனக்கு வந்தது. அது எந்தக் கணக்கில் சேரும் என்று நான் ஆராயப்போவதில்லை. கற்பூரம் ஈரத்திலும் எரியும், பாரம் இல்லை, குலுங்கிச் சத்தம் போடாது. வேட்டைப் பைக்கு அதைவிட நல்ல பற்றவைக்கும் சாமானை இந்த ஊர்க் கடைகளில் நான் காணவில்லை. உன் அம்மா அதை வேறு காரணத்துக்காக வைத்தா. இரண்டு காரணமும் ஒரே பொக்கற்றுக்குள் இருக்கலாம், இடம் காணும்.

சனிக்கிழமை பகல் வெளியே நடந்து வந்தோம். அவனை முன்னால் விட்டு நான் பின்னால் வந்தேன். கோடரியையும் சட்டியையும் என் பைக்கு மாற்றிக்கொண்டேன். வழியில் ஒரு மான் குறுக்கே பாய்ந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம், ஒருவரும் துவக்கைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "வழி கொஞ்சம் மாறிப்போட்டம், அக்கா" என்று அவனே சொல்லிவிட்டுச் சாப்பிட்டு, குளித்து, சோபாவில் விழுந்து நித்திரையாகிவிட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காமலே விட்டிருப்பேன் என்றும் நினைக்கிறேன்.

இன்று காலை உன் அம்மா கரண்டி தேடி லாச்சியைத் திறந்தா. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா.

"ரெண்டு வைச்சனான். ஒண்டு ஏன் இஞ்ச கிடக்கு?"

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தராசு, மான், நாற்பது நிமிடம், அந்த வசனம். அவ அடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. நான் எதிர்பார்த்தது அழுகை. வந்தது வேறு.

"அவன் கோப்பை கழுவேக்க நீங்கள் வேலையில்லாமல் அந்தக் கதிரையில இருந்தனீங்கள். ஒரு வருஷம். அவன் ஒருநாளும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"தெரியும். பிழைதான்."

"எனக்கு ஏன் சொல்லுறியள்? அங்க படுத்திருக்கிறவனுக்குச் சொல்லுங்கோ."

பொட்டலத்தை மேசையில், என் பேனைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பவும் அடுப்பை மூட்டினா. அது இப்போதும் இங்கேதான் இருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதே நேரம் நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கி, நன்றாகப் பசிக்கவும் செய்கிறது. சோபாவிலிருந்து குறட்டை வருகிறது. இவ்வளவு அருமையான குறட்டையை நான் கேட்டதில்லை. நீ அவனுடைய வெறும் பைக்குள் ஏறி உட்கார்ந்து, இடுப்புப் பட்டியின் கொளுவியைப் பூட்டிப் பூட்டிக் கழற்றிக்கொண்டிருக்கிறாய். சத்தம் போடாதே என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

இந்தப் பையை உனக்குத் தரும்போது வாரின் தழும்பு, சட்டத்தின் கீறல் எல்லாவற்றோடும் தருவேன். நீ ஒருவேளை துவக்கையே தொடாத ஆளாக இருப்பாய். பரவாயில்லை, பை பைதான். யாரோடாவது எங்காவது போவாய். உன்னோடு வருகிறவனை நம்பி ஒரு சாமானைக் குறைக்காதே, அவன் நல்லவன் என்றாலும். நல்லவனோடுதான் கோபம் வந்து பிரிந்து நடக்க நேரும்.

இனி நான் செய்யப்போவது:

1. இரண்டு பையிலும் தனித்தனியே நெருப்புப்பெட்டி, திசைகாட்டி, வரைபடம், ஒரு நாள் சாப்பாடு. பாரம் கூடும். கூடட்டும்.

2. இரண்டு விசில் வாங்கி, ஒவ்வொரு பையின் தோள்வாரிலும் தைப்பது. காற்றுக்கு எதிராக எவ்வளவு தூரம் கேட்கும் என்று வீட்டுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தாக்கில் சோதிப்பது.

3. சிவாவின் சட்டத்தில் பையைப் பிடிக்கும் ஆணி ஒன்று வளைந்துவிட்டது. நாளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலையிடத்தில் புதியது கடைந்து கொண்டுவருவது. மேலதிகமாக நாலு.

4. இடப்பக்கப் பொக்கற்று உன் அம்மாவுடையது. அதை நான் திறப்பதில்லை, நிறுப்பதில்லை.

5. வெள்ளிக்கிழமை துவக்கு உறைக்குள்.

6. சிவா முன்னால், நான் பின்னால். அவனுடைய நடைதான் எங்கள் நடை.

7. குறட்டை நின்றுவிட்டது. பேனையை மூடிவிட்டுத் தேத்தண்ணி போடுவது. அவனுக்கு மூன்று கரண்டி சீனி. கொண்டுபோய்க் கையில் கொடுத்து, அவன் முதல் வாய் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு சொல்வது.